நானும் மகளும் ஓடிய தடையோட்டம்

2025 ஆம் ஆண்டு தை மாதம் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் ஓர் அறிவித்தலை வாசித்தார். மகளிர் தினத்தையொட்டி எமது கிராமத்து விளையாட்டுக் கழகமும் மாதர் சங்கமும் இணைந்து ஒரு விளையாட்டு விழா நடத்தவுள்ளன. வழமையான சங்கீதக் கதிரை, தேசிக்காய் ஓட்டம், கயிறிழுத்தல் ஆகியவற்றுடன் இம்முறை புதிதாகப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஓடும் தடையோட்டம் ஒன்றும் உண்டு. தாய் அல்லது தந்தை ஒருவர், 13 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை ஒருவர். இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகவே முடிக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "இந்த வயதில எங்களுக்குக் கை கால் முறியவோ?" என்று ஒரு அக்கா கேட்டார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து, மகள் எங்கள் இருவரின் பெயரையும் கொடுத்துவிட்டாள் என்று தெரியவந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு அப்போது 42 வயது. மகளுக்கு 15. தரம் 11. வீட்டில் அவளும் நானும் என் அம்மாவும் மட்டும்தான். எங்கள் ஊர் பளைக்குக் கிட்ட உள்ளது. என் கணவர் 2009 ஏப்ரலில் மாத்தளனில் செல்பட்டு இறந்தார். மகள் அதே வருடம் ஒக்ரோபரில், நாங்கள் மெனிக்பாம் முகாமில் இருந்த காலத்தில் பிறந்தாள். தகப்பனின் முகத்தை அவள் ஒரு கல்யாணப் படத்தில் மட்டும் கண்டிருக்கிறாள். அந்தப் படமும் என் தங்கையிடம் இருந்ததால்தான் தப்பியது.

நான் ஏன் ஓட்டத்துக்குத் தயங்கினேன் என்பதைச் சொல்ல, நான் செய்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2013 முதல் 2022 வரை கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனேன். எங்கள் பகுதியில் தனியே நின்று குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் அந்த வேலைக்குப் போனார்கள். முகமாலை, வருடக்கணக்காக முன்னரங்கமாக இருந்த நிலம். அங்கே அடிக்கு அடி வெடி. முகத்துக்குக் கவசம், மார்புக்குப் பாரமான அங்கி. முழங்காலில் இருந்தபடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறிப் பார்ப்போம். பார்த்து முடித்த நிலத்துக்கும் பார்க்காத நிலத்துக்கும் நடுவே சிவப்புக் கட்டை நிற்கும். அதற்கு அப்பால் ஒரு விரலும் போகக் கூடாது. வெயில் ஏறினால் அங்கிக்குள் வியர்வை வழியும், முகக்கவசம் மங்கும், ஆனாலும் அவசரப்பட முடியாது. அவசரக்காரருக்கு ஏற்ற வேலை அல்ல அது. முழங்கால் வலி தாங்காமல்தான் 2022 இல் விட்டேன். இப்போது தும்புத் தொழிலுக்குப் போகிறேன்.

ஒன்பது வருடம் அப்படி வேலை செய்த கால் வேறு விதமாகத்தான் நடக்கும். கடைக்குப் போகும் தார் றோட்டிலும் நான் நிலத்தைப் பார்த்தே நடப்பேன். மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். "பத்தைக்குள்ள போகாத. பந்து விழுந்தா விட்டிட்டு வா. ஆக்கள் நடந்த பாதையால மட்டும் போ. இரும்பு கிடந்தாத் தொடாத, பெரியாக்களிட்டச் சொல்லு." இவை பிழையான புத்திமதிகள் அல்ல. இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் பின்னரும் வருடக்கணக்காக நிலத்தைத் துப்புரவாக்கும் வேலை தொடர்ந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லாமல் விட முடியாது.

ஆனால் ஒருநாள் மகளின் விளையாட்டு ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளை நல்ல வேகம். நீளம் பாய்தலுக்கு விட்டால் ஓடி வருகிறாள், பலகைக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்று கீழே பார்க்கிறாள். எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் அந்த ஒரு கணம் போகவில்லை. "ஏன் பிள்ளை நிக்கிறாய் எண்டு கேட்டால் தனக்குத் தெரியாது எண்டு சொல்லுறாள்" என்றார் ஆசிரியை. எனக்குத் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை.

பெயரைக் கொடுத்தது ஏன் என்று மகளிடம் கேட்டேன். "நீங்கள் ஓடினா நானும் ஓடுவன்" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது?

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி தொடங்கினோம். போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. அதற்கு முதல் நான் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் பிரசர், சீனி இரண்டையும் பார்த்துக்கொண்டேன். என் இடது தோளில் ஒரு சிறிய செல் துண்டு இன்னும் இருக்கிறது. அதையும் வைத்தியரிடம் காட்டிக் கேட்டேன். ஓடலாம், ஆனால் அந்தக் கையில் பாரமாகத் தொங்கக் கூடாது, மரத்துப்போனால் உடனே நிறுத்த வேண்டும் என்றார். சகோதரிகளே, உங்களில் பலருடைய உடலிலும் இப்படித் துண்டுகள் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். என்ன பயிற்சி தொடங்குவதானாலும் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எனக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

முதல் வாரம் ஓடவே இல்லை. விடிய ஐந்தரைக்கு எழும்பி அரை மணித்தியாலம் விறுவிறென்று நடந்தோம். இரண்டாம் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறி. மூச்சு வாங்கும்போது கதைக்க முடிந்தால் அளவு சரி, கதைக்கவே முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று விளையாட்டு ஆசிரியை சொல்லித் தந்தார். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது உடல் உழைப்பு வேண்டும் என்றும், பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடம் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதாகவும் அவர் கூறினார். தண்ணீர் அள்ளுகிறோம், விறகு சுமக்கிறோம், அது போதாதா என்று நான் கேட்டேன். அதுவும் கணக்கில் சேரும், ஆனால் உங்கள் மகள் விறகு சுமப்பதில்லையே, ரியூசனில்தானே இருக்கிறாள் என்று சிரித்தார்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் செய்ய எங்களிடம் வசதி இல்லை. காலையில் குரக்கன் கூழ் அல்லது உளுத்தங்களி, மத்தியானம் சோற்றோடு முருங்கை இலை அல்லது வல்லாரை, எங்கள் கோழிகளின் முட்டை. கீரைக்குத் தேசிக்காய் பிழிந்து, சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதை நிறுத்தினோம். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அது முக்கியம். மாதவிலக்கு நாட்களில் மகளுக்கு வயிற்றுநோ இல்லாவிட்டால் மெதுவாக ஓடினாள், நோ இருந்தால் வீட்டில் இருந்தாள்.

சப்பாத்து மகளிடம் மட்டும்தான் இருந்தது. நான் முதல் இரண்டு வாரம் வெறுங்காலோடு மணலில் ஓடினேன். பிறகு தங்கை தன் மகனின் பழைய சப்பாத்தைக் கொடுத்தாள். அரை அங்குலம் பெரிது. முன்னால் பஞ்சு வைத்துப் போட்டேன்.

ஊர் வாய் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். புருசன் இல்லாதவள் ரக்சூட் போட்டுக்கொண்டு மைதானத்தில் துள்ளுகிறாள் என்று ஒரு கதை வந்தது. சொன்னவர் யார் என்றும் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மாதான் பதில் சொன்னா. "வெடி கிளறப் போகேக்க ஒருத்தரும் கதைக்கேல்ல. ஓடினா மட்டும் கதை வருதோ?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டா. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தால் சத்தமில்லை.

மகள் தன் பங்குக்கு எனக்குத் தைரியம் தர ஆட்களின் பெயர்களைச் சொல்லுவாள். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023 ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓடித் தங்கம் வென்றார். "அவவுக்கு 72. உங்களுக்கு 42 தானே!" ஒலிம்பிக்கில் 3000 மீற்றர் தடை தாண்டி ஓடும் போட்டி இருக்கிறதாம். 28 தடை, 7 தரம் தண்ணீர்க் கிடங்கு. பெண்களுக்கு அந்தப் போட்டியை முதன்முதலில் வைத்தது 2008 ஆம் ஆண்டு பீஜிங்கில்தான். இலங்கையின் நிலானி ரத்நாயக்க டோக்கியோவில் அதில் ஓடியிருக்கிறார். இந்தப் போட்டியைப் பற்றி நான் அதற்கு முதல் கேள்விப்பட்டதே இல்லை.

நான்காம் வாரம் கழகத்துப் பெடியள் மைதானத்தில் தடைகளை அமைத்தார்கள். ரயர் வரிசை, தென்னங்குத்தி மேல் நடை, சாக்கு ஓட்டம், அரை மூட்டை மண்ணைச் சுமந்து 30 மீற்றர், தும்புக் கயிற்றுக்கு மேலாலும் கீழாலும் போவது, தறப்பாள் சுரங்கம், கடைசியில் ஒன்றரை மீற்றர் அகலத்தில் வெட்டித் தண்ணீர் நிரப்பிய வாய்க்கால். ஒரு தடையைச் செய்ய முடியாதவர் இருபது தோப்புக்கரணம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

அந்த மைதானத்தின் மேற்கு மூலையை 2014 இல் துப்புரவாக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த மூலையில் முழங்காலில் இருந்த எனக்கு, அதே இடத்தில் சாக்குக்குள் காலை விட்டுத் துள்ளுவது முதலில் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. இரண்டு நாளில் பழகிவிட்டது. தென்னங்குத்தியில் மகள் தடுமாறுவாள், நான் தடுமாறமாட்டேன். அடியளந்து வைக்கும் கால் அங்கே உதவியது. மண்மூட்டையும் எனக்குப் புதிதல்ல.

தறப்பாளில்தான் நான் நின்றேன்.

ஐந்து மீற்றர் நீளம். இரு பக்கமும் தடி நட்டு, முழங்கால் உயரத்தில் கட்டியிருந்தார்கள். மகள் உள்ளே போய் மறுபக்கம் வந்துவிட்டாள். நான் குனிந்தேன். வெயிலில் காய்ந்த அந்தத் தறப்பாள் மணம் வந்தது. அவ்வளவுதான். கை விறைத்தது, காது அடைத்தது. எழும்பி மைதானத்து வேலி வரை நடந்து போய்விட்டேன்.

"உங்களுக்கு இருட்டெண்டாப் பயமோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை. பிறகு சொல்லுறன்."

அந்தப் பிறகு அன்றிரவே வந்தது. அம்மா படுத்துவிட்டா. மகள் கொப்பியை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். சொன்னேன்.

மாத்தளனில் பங்கரைக் கடற்கரை மணலில்தான் வெட்டினோம். மணல் நிற்காது, சரியும். சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பிச் சுற்றிவர அடுக்குவோம். என் கூறைச்சேலையும் அப்படித்தான் போனது. மேலே போட மரம் கிடைக்கவில்லை, தறப்பாள் போட்டிருந்தோம். அன்று காலை அவர் கஞ்சி வரிசைக்குப் போனார். செல் விழத் தொடங்கியது. ஒன்று பக்கத்தில் விழுந்து மூட்டைகள் சரிந்து வாசல் மூடிவிட்டது. தறப்பாள் மண்ணோடு சேர்ந்து என் முகத்தில் வந்து ஒட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்துப் பங்கர் ஆட்கள் கையால் மண்ணை அள்ளி என்னை இழுத்தெடுத்தார்கள். வெளியில் வந்த பிறகுதான் அவருக்கு நடந்ததைச் சொன்னார்கள். சில நாட்கள் கழித்து, 20 ஆம் திகதி, சனத்தோடு சனமாகக் கடலேரியைக் கடந்து வந்தோம்.

மகள் கனநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "அப்ப நான் எங்க?" என்றாள்.

"நீயும் என்னோட அதுக்குள்ளதான். மூண்டு மாதம்."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

சொன்னால் பிள்ளை பயந்துவிடுவாள் என்றுதான் சொல்லவில்லை. ஆனால் அவள் ஏற்கனவே பயந்துதான் வளர்ந்திருந்தாள், எதற்கென்று தெரியாமல். அது எனக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது. "நீ பலகைக்கு முன்னால ஏன் நிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, என் வேலையையும், நான் வீட்டுக்குக் கொண்டுவந்த நடையையும் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். இருவரும் அழுதோம். பிறகு அவள் தகப்பனைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். என்ன நிறம் பிடிக்கும், நன்றாகச் சைக்கிள் ஓடுவாரோ, கோபம் வருமோ. பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது.

அடுத்த கிழமை பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்தித்தேன். எனக்கு என்ன வருத்தம் என்று கேட்கத்தான் போனேன். வருத்தம் என்று சொல்லவில்லை அவர். உடம்பு அந்த நாளை நினைத்து வைத்திருக்கிறது, மணத்திலும் சத்தத்திலும் அது திரும்பி வரும் என்றார். வில்லங்கப்படுத்தி உள்ளே போக வேண்டாம் என்றார். இரண்டு முனையும் திறந்திருக்க, பகல் வெளிச்சத்தில், நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க, முதலில் அதன் அருகில் சும்மா இருந்து பாருங்கள். நெஞ்சு படபடத்தால் கால் நிலத்தில் படுவதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். போதும் என்றால் எழும்பி வாருங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் காசு கொடுக்கவில்லை, யாரும் என்னைப் பைத்தியம் என்று எழுதவும் இல்லை. பயந்து போகாமல் இருக்கும் சகோதரிகளுக்காக இதைச் சொல்கிறேன். நேரில் போக முடியாதவர்கள் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஐந்தாம் வாரம் தறப்பாளின் அருகில் இருந்தேன். மகளும் இருந்தாள். தென்னை, வேலி, வாளி, காகம், உன்ர சப்பாத்து என்று ஐந்தைச் சொல்லுவேன், அவள் சிரிப்பாள். ஆறாம் வாரம் தலையும் தோளும் உள்ளே போயின. அதற்கு மேல் போகவில்லை. மகளும் வாய்க்காலில் நின்று நின்றுதான் பாய்ந்தாள். இரண்டு தரம் தண்ணீருக்குள் விழுந்தாள்.

மார்ச் 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை போட்டி. பதினொரு சோடிகள். அவற்றில் இரண்டு தகப்பன்மார் மட்டும், மிச்சம் எல்லாம் தாய்மார். "கை கால் முறியவோ" என்று கேட்ட அக்காவும் மகனோடு நின்றா. ரயர், குத்தி, சாக்கு, மண்மூட்டை எல்லாம் தாண்டி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தோம். சனம் கத்தியது. தறப்பாளுக்கு முன்னால் வந்ததும் நான் மகளைப் பார்த்தேன்.

"தோப்புக்கரணம் போடுங்கோ அம்மா. நான் வாறன்" என்றாள்.

காதைப் பிடித்தேன். அவள் உள்ளே புகுந்து மறுபக்கத்தால் வந்தாள். நேரே வாய்க்காலடியில் போய் எனக்காக நின்றிருக்கலாம். சுற்றி ஓடி வந்து என் பக்கத்தில் நின்று தானும் காதைப் பிடித்தாள். நடுவர், "பிள்ளை, உனக்குத் தேவையில்லை, நீ தடையை முடிச்சிட்டாய்" என்றார். "தெரியும் சேர்" என்றுவிட்டு அவளும் குந்தி எழும்பினாள். நான் இருபது முடிக்கும் வரை நிறுத்தவில்லை. நாலு சோடிகள் எங்களைத் தாண்டிப் போயின. என் முழங்கால் அழுதது.

பிறகு வாய்க்கால். அவள் எனக்கு ஒரு பாகம் முன்னால் ஓடினாள். விளிம்பில் நிற்பாள் என்று நினைத்து, இடிபடாமல் இருக்க நான் வேகத்தைக் குறைத்தேன். அவள் நிற்கவில்லை. ஓடிய வேகத்திலேயே போய் மறுகரையில், இன்னும் அரை மீற்றர் தள்ளி விழுந்தாள். நான் வேகத்தைக் குறைத்ததால் என் ஒரு கால் தண்ணீருக்குள் போய், பஞ்சு வைத்த சப்பாத்து சேற்றோடு நின்றுவிட்டது. ஒற்றைச் சப்பாத்தோடு கோட்டைத் தாண்டினேன்.

ஏழாம் இடம். முதலிடம் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் போனது. அந்த அக்கா ஐந்தாவது. பங்குபற்றிய எல்லோருக்கும் ஒரு பிளாஸ்ரிக் வாளி தந்தார்கள். விளையாட்டு ஆசிரியை அங்கேயே மகளைப் பிடித்து நீளம் பாய்தலுக்குத் திரும்பவும் பெயர் கேட்டார். சாதாரண தரப் பரீட்சை வருகிறது என்று நான் இழுத்தேன். மகள் கொடுத்துவிட்டாள். வழமை போல என்னைக் கேட்கவில்லை.

அதன் பிறகும் ஞாயிறு காலையில் நாங்கள் நடப்பதை விடவில்லை. இப்போது இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் செயற்கைக் கால் போட்டவர். அவரது வேகத்துக்கு எல்லோரும் நடப்போம். ஓட விரும்புகிறவர்கள் முன்னால் ஓடித் திரும்பி வருவோம்.

கழகம் அந்தத் தறப்பாளை எங்களிடமே தந்துவிட்டது. மழை தொடங்கியபோது கோழிக்கூட்டுக்கு மேல் இழுத்துக் கட்டினோம். பதிவாகத்தான் கட்ட முடிந்தது. முட்டை எடுப்பது மகளின் வேலை. ஒருநாள் அவள் ரியூசனுக்குப் போய்விட்டாள், கோழி கொக்கரித்துக்கொண்டே நின்றது. தென்னை, வேலி, வாளி என்று சொல்லிக்கொண்டு குனிந்து உள்ளே போனேன். நாலு முட்டை இருந்தது.